பாட்டுக்குக் கீழே

கொக்கைத்தடி என்பது முருங்கைக்காய் பிடுங்குகிற நீளத் தடி. நுனியில் சத்தகம் என்கிற சின்னக் கத்தி ஒன்றை வளைத்துக் கட்டியிருக்கும். முருங்கை நிற்கிற வளவுகளில் எல்லாம் ஒன்று சுவரோடு சாத்திக் கிடக்கும். எங்கள் வீட்டுக்கார அன்ரியின் வளவில் முருங்கை இல்லை. தடி மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் குளித்து முழுகிவிட்டு, அந்தச் சத்தகத்தைக் கிணற்றுக் கல்லில் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தீட்டுவார்.

"முருங்கை இல்லாத வளவுக்கு உது என்னத்துக்கு அன்ரி?" என்று குடிவந்த புதிதில் கேட்டேன்.

"ஸ்பீக்கர் வயர் அறுக்க," என்றார். கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்டால் சொல்கிற குரல்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகக் கம்பஸ் மதிலுக்குப் பின்னால் இறங்குகிற ஒடுங்கின ஒழுங்கை எங்களுடையது. சத்தத்துக்குக் குறைவில்லாத இடம். ஆவணி பிறந்தால் கோயில் திருவிழா. அது முடியக் கம்பஸ் பெடியளின் கலைவாரம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நவராத்திரி, வாணி விழா. புரட்டாதியில் சோளகக் காற்று ஓய்ந்துவிடும், மழையும் வந்திருக்காது, புழுக்கம் மட்டும் வீடு வீடாய் நிற்கும். பனங்காணிப் பக்கம் பழம் தொப்பென்று விழும். அந்த நாட்களில்தான் பிள்ளைகள் தங்கள் ஓவியங்களைக் கயிறு கட்டி வாசிகசாலைச் சுவரில் தொங்கவிடுவார்கள். சந்தியில் தெருநாடகம் போடுவார்கள். கடைசியில் ஒழுங்கைச் சனத்தோடு சேர்ந்து வாசிகசாலை வெளியில் பெரிய கலைமாலை ஒன்று நடத்துவார்கள். அந்த நாடகங்களுக்கு உடுப்புத் தைத்துத்தான் நான் பிழைத்தேன். அன்ரியின் முன்னறையில் மெசின். அரசனுக்குச் சரிகை, அரக்கனுக்குக் கறுப்புச் சாக்கு.

இத்தனைக்கும் ஸ்பீக்கர் ஒரே ஆளுடையதுதான். மெலிந்த மனிதர், வெற்றிலை வாய். பின்னேரம் தொடங்குகிற நிகழ்ச்சிக்கு மத்தியானமே வந்து, கம்பம் கம்பமாய்க் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டை விட்டுவிடுவார். பாட்டுக் கேட்டால்தானே சனம் வரும் என்பது அவர் கட்சி.

நான் கண்ட முதல் சண்டை அப்படி ஒரு மத்தியானத்தில். பாட்டு ஒரு வரி போயிருக்காது. அன்ரி குசினிக்குள் இருந்து ஈரக்கையோடு வந்து தடியைத் தூக்கினார். படலையைக் கையால் திறக்கவில்லை, காலால் உதைத்தார். கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து ஒரே ஒரு இழுவை. குழாய்க்குப் போகிற வயர் அறுந்து, செத்த சாரைப்பாம்பு போல ஒழுங்கைக்குள் விழுந்தது.

"விசரி! ஆற்றை வயரடி அது?" ஸ்பீக்கர்காரர் ஓடிவந்தார்.

"அடி எண்டு கூப்பிட நான் என்ன உன்ரை பெண்சாதியோ?"

அவர் தடியைப் பிடித்து இழுத்தார். அன்ரியும் இழுத்தார். பிறகு சட்டென்று கையை விட்டார். மனிதர் தடியோடு மல்லாக்க விழுந்தார். எழும்பி அன்ரியின் கன்னத்தில் ஒன்று போட்டார். அன்ரி அந்தக் கையைத் திரும்பிப் போக விடவில்லை. கடித்தார். நாலு பேர் சேர்ந்து பிரிக்கும் மட்டும் பல்லை எடுக்கவில்லை. இரத்தம் முழங்கை வரை ஒழுகியது. ஸ்பீக்கர்காரரின் பெருவிரலுக்குக் கீழே அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. பின்னாளில் யாராவது கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்: "உது அன்ரி வைச்ச கையெழுத்து."

அன்று அன்ரி வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னேன்: "அறுக்க முதல் நிப்பாட்டச் சொல்லி ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அன்ரி."

"முதல்ல அறுக்கவேணும். பிறகு ஆறுதலாய் இருந்து கதைக்கலாம்."

கம்பஸ் பிள்ளைகளுக்கு அவரைப் பெரிய விருப்பம். சோதனைக் காலத்தில் ஒழுங்கைக்குள் பாட்டுத் தொடங்கினால், அறைகளில் இருந்து படிக்கிறவர்கள் யன்னலால் தலையை நீட்டி, "அன்ரி! கட்! கட்!" என்று கத்துவார்கள். 'கட் அன்ரி' என்றே பேர் விழுந்துவிட்டது. பிள்ளைகளின் படிப்புக்காகச் சண்டை பிடிக்கிற மனுசி என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ஆனால் நான் அதே வீட்டில் இருந்தவள். வயர் அறுந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறேன். சனம் ஏசிக்கொண்டிருக்கும், அவருக்கு அது காதில் ஏறாது. ஒழுங்கை நடுவில் நின்று, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சரித்து, வீடுகளின் பக்கம் காதைக் கொடுப்பார். ஒவ்வொரு மதிலாக. ஒவ்வொரு வேலியாக.

"என்னத்தைக் கேக்கிறியள்?"

"பாட்டுக் கேக்கிற ஆக்கள் பாட்டைக் கேக்கட்டும். நான் பாட்டுக்குக் கீழை என்ன கிடக்கெண்டு கேக்கிறன்."

அது எனக்கு விளங்கியது ஒழுங்கை முடக்கு வீட்டில். வெளியூரில் இருந்து வேலைக்கு வந்த பெடியள் சிலர் அங்கே அறை எடுத்து இருந்தார்கள். ஒரு ஞாயிறு பட்டப்பகலில் வீட்டுக்குள் பெரிய பொக்ஸ் ஒன்றை வைத்துக் குத்துப் பாட்டுப் போட்டார்கள். வெளியில் அறுக்க வயர் இல்லை. அன்ரி மதிலேறிக் குதித்தார். அந்த வயதில், அந்தச் சேலையோடு! தடியின் அடிப்பக்கத்தால் யன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். நான் படலையால் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன்.

ஒருவன் முழங்காலில் இருந்தான். கைகள் இரண்டும் சார்ஜர் வயரால் முதுகுப் பக்கம் கட்டியிருந்தன. வாய்க்குள் சாறத் துணியைத் திணித்திருந்தார்கள். மூக்கு எந்தப் பக்கம் என்று தெரியாத முகம். யாருடையதோ போனைக் களவெடுத்துவிட்டானாம். சுற்றி நின்றவர்கள் இடுப்புப் பட்டியைக் கையில் சுற்றியிருந்தார்கள்.

அன்ரி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. முழங்கால் முழங்காலாகப் போட்டார். முழங்காலுக்குப் போட்டால் எல்லா ஆம்பிளையும் ஒரே உயரம் என்பது அவர் கணக்கு. ஒருவன் இருக்கிற மர வாங்கைத் தூக்கி அவர் நெற்றியில் அடித்தான். இரத்தம் கண்ணுக்குள் இறங்க, அதை நாக்கால் வழித்துத் துப்பிவிட்டு, அவனுக்கும் முழங்காலில் வைத்தார். நான் கட்டப்பட்டவனின் கையை அவிழ்த்தேன். அவிழ்த்த உடனே அவன் மேசையில் கிடந்த அயன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கட்டினவனின் தலைக்கு ஓங்கினான். அன்ரி அவனுக்கும் போட்டார் ஒன்று.

"உன்னை அவிட்டு விட்டது ஓடுறதுக்கு. அடிக்க நான் இருக்கிறன். ஓடு!"

போன் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நெற்றிக்குத் தையல் போட்ட டொக்டர், "எங்கை அம்மா விழுந்தனீங்கள்?" என்று கேட்டார். "ஏன், அடிபட்டால் எல்லாரும் விழுந்ததெண்டுதானோ எழுதுவியள்?" என்று அன்ரி அவர் மேல் பாய்ந்தார். டொக்டர் ஊசியோடு ஓரடி பின்னால் போனதை நான் கண்டேன்.

எப்போதும் சரியாகத்தான் அறுத்தார் என்று சொன்னால் அது பொய். ஒருமுறை பல்லு விழுந்த சின்னப் பெட்டை ஒன்றின் பிறந்தநாள் வீடு. பாட்டுச் சத்தத்துக்கு அன்ரி தடியோடு போய் வயரை அறுக்க, வயரோடு சோடனை எல்லாம் இழுபட்டு வந்து கேக்கின் மேல் விழுந்தது. பிள்ளை வீரிட்டுக் கத்தியது. தகப்பன் வந்து, வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் முன்னால் அன்ரிக்கு அறைந்தார். காது மடல் கிழிந்து தோடு தொங்கியது. அன்ரி திருப்பி அடிக்கவில்லை. வீடு முழுக்க ஒரு பார்வை பார்த்தார். குசினிக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளையின் தாயை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரும்பி வந்து கிணற்றுக்கட்டில் இருந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"என்ன அன்ரி சிரிக்கிறியள்? காது கிழிஞ்சு கிடக்கு!"

"ஒண்டுமில்லையெண்டு தெரிஞ்சுது பிள்ளை. அது காணும்."

அடுத்த நாள் வீங்கின கன்னத்தோடேயே பனங்காய் பிசைந்து, பணியாரம் சுட்டு, ஒரு பெரிய தட்டம் அந்தப் பிள்ளைக்கு அனுப்பினார்.

இனி வாசிகசாலைத் தலைவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கந்தோரில் நல்ல உத்தியோகம். வாசிகசாலை வெளிக்குப் பின்பக்கமாக அவருடைய வீடு, அறை யன்னல் வெளியைப் பார்த்திருக்கும். அவர் உரத்துக் கதைத்து ஒழுங்கையில் ஒருவரும் கேட்டதில்லை. மேடையில் மைக் பிடித்தால்கூட, மைக்கைத்தான் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோவார், குரலை உயர்த்தமாட்டார். எந்த நிகழ்ச்சி என்றாலும், "ஸ்பீக்கரை என்னட்டை விடுங்கோ, நான் பாக்கிறன்," என்பார். "நேரத்தோடை பாட்டைப் போடும். வடிவாய் ஏத்திப் போடும். ஊர் கலகலப்பாய் இருக்கவேணும்." ஸ்பீக்கர்காரரிடம் சொல்லிவிட்டு உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போவார். வெயில் சாய, வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாய்த் திரும்பி வந்து விளக்கேற்றுவார்.

ஒரு வருடம் கலைவாரத்துக்கு முன் அவருடைய மனைவி என்னிடம் சட்டை தைக்க வந்தார். புரட்டாதிப் புழுக்கத்தில், மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை. கழுத்தும் உயர்த்தி. அளவு எடுக்க நாடாவை மேல்கையில் சுற்றினேன். பல்லுக்குள்ளால் மூச்சை இழுத்தார். நாடாவைத் தளர்த்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் கண்ணளவில் எழுதினேன். அவர் படலையைத் தாண்டின உடனே அன்ரியிடம் போய்ச் சொன்னேன்.

அன்ரி அந்த அம்மாவின் கிணற்றடிக்கே போனார். நானும் பின்னால் போனேன்.

"பிள்ளை, அடிக்கிறவரோ?"

அப்படியேதான் கேட்டார். முன்னுரை எல்லாம் அவருக்குத் தெரியாது.

"சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை அன்ரி." அந்த அம்மா யன்னலைத் திரும்பிப் பார்த்தார். "கிணத்தடியிலை வழுக்கினது."

அன்ரி வீட்டுக்குத் திரும்பினார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் சத்தகத்தை எடுத்து வைத்துத் தீட்டத் தொடங்கினார். விரலில் வெட்டியும் நிறுத்தவில்லை.

"என்ரை தங்கச்சியும் கிணத்தடியிலைதான் வழுக்கினவள்," என்றார் கல்லைப் பார்த்துக்கொண்டு.

அவருக்கும், கலியாணம் முடித்த தங்கச்சிக்கும் கோப்பாயில் அடுத்தடுத்த வளவுகளாம். நடுவில் ஒரு கிடுகு வேலி. கோயில் திருவிழா. குழாயைக் கொண்டுவந்து அந்த வேலியோடு நின்ற பூவரசில்தான் கட்டினார்களாம்.

"நல்ல பாட்டுப் பிள்ளை. நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டு சேர்ந்து பாடினனான். ஒண்டு முடிய ஒண்டு. எல்லாம் முடிஞ்சாப்பிறகு, தங்கச்சிக்கும் கொஞ்ச வெங்காயம் குடுப்பமெண்டு வேலிக்கு அங்காலை எட்டிப் பாக்கிறன். கிணத்துக் கயிறு மட்டும் ஆடுது."

சத்தகத்தைத் திருப்பி மற்றப் பக்கம் தீட்டினார்.

"வழுக்கி விழுந்ததெண்டு எழுதிப்போட்டாங்கள். கழுத்திலை விரல் அடையாளம் கிடந்தது, நான் கண்டனான். கத்தியிருப்பாள்தானே. நான் பாடிக்கொண்டிருந்தனான்."

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை.

அடுத்த நாளே பொலிசுக்குப் போனார். தலைவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, மெல்லிய குரலில், அன்ரி அறுத்த வயர்க் கதைகளை எல்லாம் ஒன்றொன்றாய்ச் சொன்னார். பொலிஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அன்ரியிடம் கேட்டார்:

"அவர் அடிக்கிறதை நீங்கள் கேட்டனீங்களோ அம்மா?"

"பாட்டுப் போடேக்கைதான் அடிக்கிறார். எப்பிடிக் கேக்கிறது?"

"சரி. பாட்டு நிண்டாப்பிறகு?"

"நிண்டால் அவரும் நிப்பாட்டிப்போடுவார்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மனைவியையும் கேட்டார்கள். கிணற்றடி என்றார். இந்தக் கலைமாலைக்கு வயரில் கை வைத்தால் உள்ளே போடுவோம் என்று அன்ரியை எச்சரித்து அனுப்பினார்கள். வெளியில் வரும்போது தலைவர் எங்களுக்குக் கிட்ட வந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "வயது போனால் காது ஏமாத்தும் அன்ரி. டொக்டரிட்டைக் காட்டுங்கோ."



கலைமாலை நாள் வந்தது. கயிற்றில் ஓவியங்கள் ஆடின. பிள்ளைகள் மேடைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அரசனாக நடிக்கிற பெடியனுக்குச் சரிகைச் சட்டையைப் போட்டு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். "அக்கா, கக்கத்துக்கை பிடிக்குது. நான் இதோடை போருக்குப் போகேலாது," என்று அவன் நெளிந்துகொண்டிருந்தான். தலைவர் வந்து எல்லாவற்றையும் பார்த்துத் தலையை ஆட்டினார். "நல்லாய் ஏத்திப் போடும்," என்று ஸ்பீக்கர்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். கதவு சாத்துவது தெரிந்தது. பாட்டுத் தொடங்கியது.

அன்ரி தடியோடு வந்தார்.

பெடியளுக்குக் கொண்டாட்டம். "கட் அன்ரி வந்திட்டா!" ஸ்பீக்கர்காரர் குறுக்கே விழுந்தார். "அன்ரி, வேண்டாம். பொலிஸ் சொன்னது ஞாபகம் இருக்கோ? உங்களைக் கும்பிட்டன்." அன்ரி அவரைத் தாண்டிப் போய்க் கம்பத்தடியில் நின்றார். தடியை உயர்த்தினார். சத்தகத்தின் வளைவை வயரில் கொழுவினார்.

அறுக்கவில்லை.

அப்படியே நின்றார். பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அறுக்கிறதெண்டால் அறுங்கோ அன்ரி!"

"பொறு."

"உள்ளை அடிக்கிறான் அன்ரி!"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் நிக்கிறியள்?"

"இப்ப அறுத்தால் அவன் நல்லவன். பொறு. அவன் தன்னை மறக்கட்டும்."

பாட்டு மாறியது. அன்ரி கீழ் உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். நாடியில் இரத்தம் வடிந்தது. பெடியள் சிரித்தார்கள். "அன்ரி இண்டைக்குக் கட் சொல்ல மறந்திட்டா." இன்னொரு பாட்டு. முதலில் அறு என்று வாழ்ந்த மனுசி, ஒரு பெண் உள்ளே அடிபடுகிறாள் என்று தெரிந்தும், பாட்டுக்கு மேல் பாட்டாகப் பொறுத்துக்கொண்டு நின்றார். தடியை நான் பறித்து இழுக்கவா என்றுகூட நினைத்தேன். அடுத்த பாட்டில் நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்கு ஏறின. கதிரை எல்லாம் அதிர்ந்தது.

இழுத்தார்.

வெளி முழுக்கச் சத்தம் செத்தது. அந்த மௌனத்துக்குள், தலைவரின் யன்னலுக்குள் இருந்து, அதுவரை நாங்கள் ஒருவரும் கேட்டிராத பெருங்குரல் ஒன்று வந்தது:

"கத்தடி! கத்து! ஆர் கேக்கப்போறான்?"

உடனே ஒரு சத்தம். பனம்பழம் விழுகிற மாதிரி. அந்தப் பக்கம் பனை இல்லை.

"கத்தெண்டு சொல்ல..."

குரல் பாதியில் நின்றது. அவருக்கும் மௌனம் கேட்டிருக்கவேண்டும்.

சேலை கட்டிக்கொண்டிருந்த பிள்ளை சேலையைக் கையில் பிடித்தபடி நின்றாள். மேடைப் பலகைக்கு ஆணி அடித்தவனின் சுத்தியல் மேலேயே நின்றது. அன்ரி ஓடினார். நேரே யன்னலுக்கு. கம்பிகளுக்குள்ளால் தடியை விட்டு, சத்தகத்தின் வளைவைத் தலைவரின் கழுத்தில் கொழுவிவிட்டார்.

"அசையாதை. உது முருங்கைக்காய்க்குக் கட்டினது. கழுத்துக்கும் காணும்."

வாசல் கதவு பூட்டு. உடைத்தது எங்கள் அரசன்தான். சரிகைச் சட்டையோடு மேடை வாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஒன்று, இரண்டு என்று மோதினான். கக்கம் கிழிந்து தோள் முழுக்க வெளியில் வந்தது. கதவு பிளந்தது. உள்ளே போன முதல் ஆள் ஸ்பீக்கர்காரர். தலைவரின் கையில் கிணற்றுக் கயிற்றின் துண்டு, முடிச்சுப் போட்டு நனைத்திருந்தது. ஸ்பீக்கர்காரர் அதைப் பறித்து அவர் வாயிலேயே அடித்தார். "என்ரை பாட்டையோடா! என்ரை பாட்டையோ இதுக்கு எடுத்தனீ!" என்று அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். பெடியளும் விழுந்து மிதித்தார்கள். பல் ஒன்று என் காலடிக்கு உருண்டு வந்தது. அன்ரி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடியைப் போட்டுவிட்டு உள்ளே வந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்த அந்த அம்மாவைத் தூக்கி மடியில் போட்டார். நான் தைத்த நீளக்கைச் சட்டை நார் நாராய்க் கிடந்தது. இடக்காதில் இருந்து இரத்தம்.

பொலிஸ் வந்தது. அதே பொலிஸ்காரர். "வயரை ஆர் அறுத்தது?" என்று தொடங்கினார். கேட்டுவிட்டுத் தானே வாயை மூடிக்கொண்டார். கேட்டவர்கள் ஒரு வெளி நிறைய நின்றார்கள். சாட்சி சொல்ல வரிசையில் முன்னுக்கு நின்றவன் கிழிந்த சட்டையோடு அரசன். தலைவர் கொஞ்சக் காலம் உள்ளே இருந்தார், பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. அந்த மனிதரைப் பற்றி எனக்கு வேறொன்றும் சொல்ல இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் இருந்த அன்ரி அடிபட்டவரின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இடக்காது இனிக் கேளாது என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அத்தனை பாட்டும் பொறுத்துக்கொண்டு நிண்டனான் பிள்ளை," என்றார் அன்ரி. "அந்தக் காது என்ரை கணக்கிலைதான்."

அந்த அம்மா வீங்கின வாயால் மெல்ல மெல்லச் சொன்னார். "யன்னலாலை தடி தெரிஞ்சது அன்ரி. அறுக்காதையுங்கோ, அறுக்காதையுங்கோ எண்டு மனதுக்குள்ளை கும்பிட்டனான்."

அன்ரி நிமிர்ந்தார்.

"முந்தி நீங்கள் ஒவ்வொரு முறையும் உடனை அறுத்துப்போடுவியள். அவர் நிப்பாட்டிப்போட்டுக் கட்டிலிலை இருப்பார். அடுத்த முறை பாட்டுப் போடுற நாளிலை எல்லாத்தையும் சேர்த்துத் தருவார். அறுத்ததுக்கும் சேர்த்து." மூச்சு வாங்கினார். "இண்டைக்குத் தடி நிண்டுகொண்டே நிண்டுது. அப்பத்தான் எனக்கு விளங்கிச்சுது, ஆரோ எனக்காகப் பொறுத்துக்கொண்டு நிக்கினம் எண்டு. அதாலை நான் கத்தேல்லை. கத்தினால் அவர் உரத்துக் கதைக்கமாட்டார்."

அன்ரியின் கை கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் நரம்பெல்லாம் எழும்பியது. வருடக்கணக்காய் அறுத்த வயர் எல்லாம் அந்தக் கைக்குள் வந்து நின்றிருக்கவேண்டும். வீட்டுக்கு வந்தும் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. தடியில் இருந்து சத்தகத்தை அவிழ்த்துக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் படுத்தார்.

அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். நடு அறையில் இருந்தார். பிறகு எனக்குப் பொத்தான் கட்டித் தரப் பழகினார்.

அடுத்த கலைமாலைக்கு ஸ்பீக்கர்காரர் படலையில் வந்து நின்றார். "அன்ரி, வந்து எனக்குப் பக்கத்திலை இருங்கோ. அறுக்க வேண்டாம், வயர் விலை. நீங்கள் கையைக் காட்டினால் நானே குறைக்கிறன்." அன்ரி போனார். கதிரை போட்டு இருந்தார். பாட்டு நடுவில், எந்த வரி என்று ஒருவருக்கும் தெரியாமல், கையை உயர்த்துவார். சத்தம் நிற்கும். ஒழுங்கை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் வீடுகளைக் கேட்கும். பிறகு கையை இறக்குவார். முதல் முறை ஏசினவர்கள் இருந்தார்கள். அடுத்த முறை ஏசவில்லை. அந்த மௌனத்துக்குள் எங்கள் ஒழுங்கையில் யாராவது கையை ஓங்கிக்கொண்டு நின்றிருந்தால், அப்படியே இறக்கியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அன்ரி போய்ச் சில வருடமாகிவிட்டது. காய்ச்சல் என்று படுத்தார், எழும்பவில்லை. செத்த வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டவில்லை.

இந்தப் புரட்டாதியும் கலைமாலை நடந்தது. புதுப் பிள்ளைகள், புது அரசன், பழைய சரிகை. ஸ்பீக்கர்காரருக்கு இப்போது தலை முழுக்க நரை. பாட்டு நன்றாக ஏறி நின்றபோது, அவருக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு கை உயர்ந்தது. சத்தம் நின்றது. புதுப் பிள்ளைகள் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒழுங்கைச் சனம் அசையவில்லை.

எங்கோ குக்கர் ஒன்று கூவியது. ஒரு பிள்ளை வாய்ப்பாட்டைப் பிழையாய்ச் சொல்லித் தாயிடம் ஏச்சு வாங்கியது. பனங்காணிப் பக்கம் தொப்பென்று ஒன்று விழுந்தது. பனம்பழம்தான்.

"போடட்டோ அக்கா?" என்று ஸ்பீக்கர்காரர் மெல்லக் கேட்டார்.

கதிரையில் இருந்த அந்த அம்மா, கேட்கிற காதை ஒழுங்கைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். கை இன்னும் மேலேதான் இருந்தது.

"பொறும்," என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு கையை இறக்கினார்.

"ஓம். இனிப் போடும்."